6.5 துவக்கால் எல்க் வேட்டை: சின்னக் குழல், பாரமான சன்னம்

எல்க் வேட்டைக்குப் போகிறேன் என்று வாய் திறந்தால் போதும், ஆளாளுக்கு ஒரு துவக்குச் சொல்வார்கள், சொல்வது எல்லாமே பெரிய துவக்காகத்தான் இருக்கும். நானும் அவர்களை நம்பி முதல் வருடம் ஒரு .30-06 (7.62 மி.மீ. குழல் துவக்கு) வாங்கினேன், அதுவும் மலை ஏற வசதி என்று நல்ல இலேசான ஒன்றாகப் பார்த்து. இலேசான துவக்கு எப்படி உதைக்கும் என்று வாங்கும்போது யாரும் சொல்லவில்லை. சுடுதளத்தில் பத்தாவது ரவைக்குப் பிறகு, விசையை இழுக்க முன்பே கண் மூடத் தொடங்கிவிட்டது, தோள் தானாகப் பின்வாங்கியது. சுடும் தேர்வில் ஐந்தில் இரண்டு வட்டத்துக்கு வெளியே. தேர்வு போச்சு.

பக்கத்து மேசையில் இருந்த ஒரு வயசாளி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ஒன்றும் பேசாமல் தன்னுடைய பழைய 6.5 மி.மீ. துவக்கைத் தூக்கி என் முன்னால் வைத்தார், ஐந்து ரவை எண்ணித் தந்தார். ஐந்தும் ஒரு தேநீர்த் தட்டுக்குள் அடங்கின. ‘என் அப்பாவும் இதால்தான் எல்க் சுட்டார்’ என்றார், அவ்வளவுதான். அடுத்த மாதம் .30-06ஐ விற்றுவிட்டேன்.

நோர்வேயிலும் சுவீடனிலும் வேட்டையாளர் தேர்வு எழுதும் நம்மவர்கள் இப்போது அங்கொருவர் இங்கொருவராக இருக்கிறார்கள், அவர்கள் கேட்பது பெரும்பாலும் இந்தக் கேள்விதான்: சின்னத் துவக்கு காணுமா? காணும், ஆனால் சில விஷயங்களைச் சரியாகச் செய்தால் மட்டும். ஊரில் இருந்து வாசிப்பவர்களுக்கு ஒரு சொல்: இது உரிமம், பருவம், ஒதுக்கீடு எல்லாம் வைத்து வேட்டை நடக்கிற நாட்டின் கதை. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வேட்டைக்குத் தடை, இதை அங்கே கொண்டுபோகாதீர்கள்.

முதலில் சொற்களைச் சரிப்படுத்துவோம், இல்லாவிட்டால் பிறகு குழம்பும். நான் ரவை என்று சொல்வது கோது, மருந்து எல்லாம் சேர்ந்த முழுதையும். சன்னம் என்பது குழலால் வெளியே பறந்து போகிற உலோகத் துண்டை மட்டும். நோர்வேயில் எல்க் என்பது அமெரிக்கர்கள் மூஸ் என்று சொல்லும் மிருகம். அமெரிக்கர்கள் எல்க் என்பது வேறொரு பெரிய மான், ஆகவே இணையத்தில் அமெரிக்கர் எழுதிய எல்க் அறிவுரையை வாசித்துவிட்டு இங்கே காட்டுக்குப் போக வேண்டாம். வன்னிக் காட்டில் மரையைப் பார்த்தவர்கள், அதைவிட ஒன்றரை இரண்டு மடங்கு பாரமாக, கால்கள் மட்டும் ஒட்டகம் போல நீண்டு நிற்கும் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். வளர்ந்த ஆண் 400, 500 கிலோ வரும்.

சரி, சின்ன வாய், பாரமான சன்னம் ஏன் வேலை செய்கிறது?

சாக்குத் தைக்கும் ஊசியையும் ஒரு தடித்த ஆணியையும் யோசியுங்கள். ஒரே பலத்தில் தள்ளினால் எது சாக்குக்குள் இறங்கும்? சன்னமும் அப்படித்தான். அதன் நிறையை விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்தால் ஓர் எண் வரும், குறுக்குவெட்டு அடர்த்தி என்று சொல்லலாம், இறாத்தலும் அங்குலமுமாகக் கணக்குப் பார்ப்பதுதான் வழக்கம். 6.5 மி.மீ. துவக்கில் போகும் 156 கிறெயின் சன்னத்துக்கு, அதாவது 10.1 கிராமுக்கு, இந்த எண் 0.320. என் பழைய .30-06இல் நான் போட்ட 180 கிறெயினுக்கு 0.271தான். அந்தப் பெரிய குழலில் 0.320 வேண்டுமென்றால் 212 கிறெயின் அளவுக்குப் பாரமான சன்னம் போட வேண்டும், அதை நான் சுட்டிருந்தால் என் தோளில் மிச்சம் இருந்திருக்காது. மெல்லிய, நீளமான, பாரமான சன்னம் வேகம் குறைவாகப் போனாலும் ஆழமாக இறங்கும், எலும்பில் பட்டாலும் திசை மாறாமல் போகப் பார்க்கும். ஆனால் இந்த எண் எல்லாவற்றையும் சொல்லாது. சன்னம் உள்ளே போனதும் காளான் போல விரியும், விரிந்தபின் அதன் விட்டமே வேறு. அதனால் எப்படிக் கட்டிய சன்னம் என்பதும் சமமான கேள்வி, அதற்குக் கீழே வருகிறேன்.

இந்த 6.5×55 ரவை (6.5 மி.மீ. குழல், 55 மி.மீ. நீளக் கோது) நோர்வேயும் சுவீடனும் ஒரே அரசரின் கீழ் இருந்த காலத்தில், 1894இல், இரண்டு படைகளுக்கும் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. நோர்வே அதைக் கிராக்-யோர்கன்சன் துவக்கில் போட்டது, சுவீடன் மவுசரில் போட்டது. ஒன்றியம் 1905இல் பிரிந்தது, ரவை பிரியவில்லை. அன்றைக்குப் படைக்குக் கொடுத்ததும் 156 கிறெயின், உருண்டை மூக்கு, நீளமான சன்னம்தான். அந்த நீளத்துக்கு ஏற்றபடியே குழலின் உள்ளே சுருள் வரியையும் வெட்டினார்கள், வேட்டைக்காரன் அந்தப் பலனைத்தான் இன்றைக்கும் சாப்பிடுகிறான்.

இனிச் சட்டம். இதை அலுப்பான பகுதி என்று தாண்டிப் போக வேண்டாம், ஏனென்றால் சன்னத்தைத் தெரிவு செய்யும் வேலையில் பாதியை நோர்வேச் சட்டமே செய்து தந்துவிடுகிறது. எல்க், செம்மான், காட்டுக் கலைமான் (ரெயின்டியர்) போன்றவற்றுக்குச் சன்னம் விரியும் வகையாக இருக்க வேண்டும், குறைந்தது 9 கிராம் நிறை வேண்டும். நிறை 9க்கும் 10க்கும் இடையில் என்றால் 100 மீற்றரில் 2700 யூல் சக்தி இருக்க வேண்டும். 10 கிராமுக்கு மேல் என்றால் 2200 யூல் போதும். சுவீடனிலும் கிட்டத்தட்ட இதே கணக்கு, 10 கிராமுக்கு 2000 யூல். ரவைப் பெட்டியிலேயே E100, அதாவது 100 மீற்றரில் சக்தி, என்று போட்டு இந்த எண்ணை அச்சடித்திருப்பார்கள், கடையில் நின்றே பார்க்கலாம். ஈயமில்லாத செப்புச் சன்னம் போடுவதாக இருந்தால் அந்தப் பருவத்துக்கான விதியை ஒருமுறை வாசித்துவிட்டு வாங்குங்கள், செம்பு ஈயத்தைவிட இலேசு என்பதால் 6.5இல் வழக்கமாக வரும் 120 கிறெயின் செப்புச் சன்னம் 8 கிராமைக்கூடத் தொடாது.

போன வருடம் எங்கள் பக்கத்துத் தம்பி ஒருவர் புதுத் துவக்கு வாங்கி 140 கிறெயின் ரவைப் பெட்டியோடு வந்தார். ‘அண்ணை, 156ஐ விட இது வேகம் கூட, தூரத்துக்கும் நல்லாப் போகும், பிறகேன் அந்தப் பழைய பாரத்தைத் தூக்கிக்கொண்டு திரியிறியள்?’ நியாயமான கேள்விதான். பெட்டியைத் திருப்பிப் பார்த்தோம். 140 கிறெயின் என்றால் 9.07 கிராம், 10க்குக் கீழே, ஆகவே 2700 யூல் காட்ட வேண்டும். சக்தி என்பது நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்குவது, பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். 9.07 கிராம் சன்னம் 2700 யூலைத் தொட 100 மீற்றரிலும் செக்கனுக்கு 772 மீற்றர் வேகம் மிச்சம் இருக்க வேண்டும். 6.5×55இல் கடையில் கிடைக்கும் 140களில் பல குழல் வாயை விட்டு வெளியே வரும்போதே 800 சொச்சம்தான், 100 மீற்றர் போனதும் 750 பக்கம் இறங்கிவிடும், கணக்குப் பார்த்தால் 2550 யூல். அவருடைய பெட்டியும் தவறிவிட்டது. 10.1 கிராம் சன்னத்துக்கோ 100 மீற்றரில் 660 போதும், சாதாரணக் கடை ரவையே அதைத் தாண்டும். வேகமானது சட்டத்தில் தோற்க, மெதுவானது பாஸ். தம்பி அந்தப் பெட்டியைக் கடதாசிக்குச் சுட வைத்துக்கொண்டார்.

இதில் ஒரு பொறி இருக்கிறது, கவனியுங்கள். இங்கே துவக்கு வாயில் சத்தம் குறைப்பான் மாட்டுவது சட்டப்படி சரி, கிட்டத்தட்ட எல்லாரும் மாட்டுகிறார்கள். அதை மாட்டினால் துவக்கு நீண்டுவிடுகிறது என்று குழலைக் கட்டையாக வாங்குகிறார்கள். குழல் ஓர் அங்குலம் குறைந்தால் செக்கனுக்கு ஆறு முதல் ஒன்பது மீற்றர் வரை வேகம் போகும் என்று வைத்துக்கொள்ளலாம். பெட்டியில் போட்ட எண் நீளமான சோதனைக் குழலில் எடுத்தது. பெட்டியில் 2300 என்று பார்த்துவிட்டு, நாலு அங்குலம் கட்டையான குழலால் சுட்டால், உங்கள் சன்னம் 2200க்குக் கீழே இருக்கக்கூடும். சுடும் கழகங்களில் வேகம் அளக்கும் கருவி இருக்கும், கேட்டால் தருவார்கள். மூன்று ரவை சுட்டு அளந்துவிடுங்கள். நான் என் குழலை 60 செ.மீ. நீளத்திலேயே வைத்திருக்கிறேன், பற்றைக்குள் மாட்டும்போது ஏச்சு வரும், பரவாயில்லை.

அடுத்தது குழலின் உள்வரி. நீளமான சன்னம் பம்பரம் மாதிரி, வேகமாகச் சுழன்றால்தான் நேராக நிற்கும். உள்ளே வெட்டியிருக்கும் சுருள் எத்தனை மி.மீற்றரில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றுகிறது என்பதுதான் கணக்கு. 6.5×55இல் 200 மி.மீ. அளவுதான் வழக்கம், இப்போதைய தொழிற்சாலைத் துவக்குகளில் 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று, அதாவது 203 மி.மீ. இரண்டும் 156 கிறெயினைத் தாங்கும். ஆகவே இந்த ரவையில் நீங்கள் அதிகம் யோசிக்கத் தேவையில்லை. யோசிக்க வேண்டியவர்கள் .223 போன்ற இன்னும் சின்னக் குழல்களில் பாரமான சன்னம் போட விரும்புகிறவர்கள். பழைய .223 துவக்குகள் பலவற்றில் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று, அதில் 77 கிறெயின் சன்னம் போட்டால் தள்ளாடும், 8 அங்குலமாவது வேண்டும். குழலில் எழுத்து அழிந்திருந்தால் துப்புரவுக் கம்பியில் இறுக்கமாகத் துணி சுற்றி உள்ளே தள்ளுங்கள், கம்பியில் ஒரு கோடு போட்டுவையுங்கள், அந்தக் கோடு ஒரு சுற்றுச் சுற்றி மேலே வர எவ்வளவு தூரம் போனது என்று அளந்தால் தெரிந்துவிடும். இன்னும் சுலபம் கடதாசி. சுட்ட ஓட்டை வட்டமாக இருந்தால் சரி, சாவித் துவாரம் மாதிரி நீண்டு கிழிந்திருந்தால் சன்னம் பக்கவாட்டில் போய் விழுந்திருக்கிறது, அந்தச் சோடியைக் காட்டுக்குக் கொண்டுபோகவே கூடாது.

.223 என்று சொன்னதும் ஞாபகம் வருகிறது, இப்போது அமெரிக்காவில் சிலர் 77 கிறெயின் சன்னத்தோடு மான், கரடி, அங்கத்தைய எல்க் வரை சுடுகிறார்கள். அவர்களுடைய தர்க்கமும் உதை குறைவு, குறி சுத்தம் என்பதுதான். ஆனால் வித்தியாசம் பெரியது: அந்தச் சன்னத்தின் அடர்த்தி 0.219, அது ஆழமாக இறங்கி வேலை செய்வதில்லை, உள்ளே போய் உடைந்து சிதறி நுரையீரலைக் கிழிக்கிறது. மொன்டானாவில் பெரிய வேட்டைக்குக் குழல் அளவுக்குக் கீழ் எல்லையே இல்லை, பக்கத்தில் கொலராடோவில் .24க்குக் கீழே தொடக்கூடாது. நோர்வேயில் எல்க்குக்கு .223 என்ற பேச்சுக்கே இடமில்லை, 9 கிராம் எங்கே, அந்த 5 கிராம் எங்கே. சின்ன ரோ மானுக்கு மட்டும் போடலாம், அதற்கு 100 மீற்றரில் 980 யூல் போதும். என்னைக் கேட்டால் எல்க்கின் தோள் எலும்பை நினைத்துக்கொண்டு சிதறும் சன்னத்தோடு நிற்க எனக்கு மனம் வராது, ஆனால் அவர்களுடைய முதல் பாதித் தர்க்கத்தை நான் மறுக்க மாட்டேன்.

சன்னத்தின் கட்டமைப்புக்கு வருவோம். படைத் துவக்குச் சன்னம், முழுக்க உறை மூடியது, சட்டப்படி கூடாது, விரியாமல் ஊசி மாதிரிப் போய்விடும், மிருகம் நாட்கணக்கில் கிடந்து சாகும். பந்தயத்துக்குச் சுடும் சன்னமும் வேண்டாம். மிச்சம் இரண்டு வகை. ஒன்று, முனையில் ஈயம் தெரியும் சாதாரண மென்முனை, நோர்மாவின் அலாஸ்கா இப்படிப்பட்டது, 156 கிறெயின், இந்த ரவையின் மெதுவான வேகத்துக்கு அளவாக விரிகிறது. மற்றது, ஈயத்தை உறையோடு ஒட்டவைத்த வகை, அதே கம்பனியின் ஓரிக்ஸ், இதுவும் 156. எலும்பில் பட்டாலும் ஈயம் பிரிந்து சிதறாது, நிறையைப் பெரும்பாலும் விடாமல் உள்ளே போகும். நான் ஓரிக்ஸ் பக்கம். காரணம் வீட்டுக்காரி: சிதறிய ஈயத் துணுக்கு இறைச்சிக்குள் போவதை அவர் விரும்பவில்லை, எந்த ஈயச் சன்னமும் கொஞ்சம் துணுக்கு விடத்தான் செய்யும், ஆனாலும் ஒட்டியது குறைவாக விடுகிறது. காயத்தைச் சுற்றி ஓர் உள்ளங்கை அகலத்தைத் தாராளமாக வெட்டி எறிந்துவிடுங்கள், கஞ்சத்தனம் பார்க்க வேண்டாம். வேகமான சன்னத்தால் இரத்தம் கட்டிக் கெட்டுப்போகும் இறைச்சியோடு பார்த்தால் இந்த மெதுவான பாரச் சன்னத்தில் நட்டம் குறைவுதான்.

தாத்தாவின் கிராக் துவக்கு யாராவது இலவசமாகத் தந்தால், வாங்குங்கள், அழகான பொருள். ஆனால் அதன் பூட்டு முன்பக்கம் ஒரே ஒரு பல்லில்தான் தாங்கி நிற்கிறது, துவக்குத் திருத்துபவரிடம் காட்டாமல் புதுக்காலத்து உறைப்பான ரவை எதையும் உள்ளே போடாதீர்கள்.

இனிப் பழக்கம். தேர்வில் கேட்பது கடினமே இல்லை: 100 மீற்றரில் ஒரு கலைமான் உருவம், நெஞ்சில் 30 செ.மீ. வட்டம், ஐந்து ரவையும் அதற்குள். அதற்கு முன்னால் 30 ரவை பயிற்சி கட்டாயம், ஒவ்வொரு வருடமும். பலர் அந்த 30ஐ ஒரே மாலையில் மேசையில் துவக்கை வைத்துக் காலி பண்ணிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். காட்டில் மேசை இல்லை. நான் பத்தை மேசையில் சுட்டுக் குறியைச் சரிபார்ப்பேன், மிச்சத்தை நின்றும், முழந்தாளிட்டும், கவைத்தடியில் தாங்கியும். கண் மூடும் வியாதி இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது, வெட்கப்படாமல் செய்து பாருங்கள்: நண்பர் ஒருவரை உங்களுக்குத் தெரியாமல் சில தடவை பயிற்சிக்கான வெற்று ரவையும் சில தடவை உண்மையான ரவையும் போடச் சொல்லுங்கள். வெற்று ரவை விழும்போது குழல் முனை ஒரு குத்துக் குத்திக் கீழே போனால் வியாதி இருக்கிறது. எனக்கு .30-06இல் குழல் ஏதோ கொத்துகிற கோழி மாதிரி ஆடியது. ஒரே பாரத் துவக்கில் 6.5இன் உதை .30-06இன் உதையில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்குதான், சிலநேரம் அதற்கும் குறைவு, அந்த மிச்சம் மூன்றில் ஒன்றுதான் என்னைச் சுட வைத்தது. மற்ற எந்தக் கணக்கையும்விட இதற்குத்தான் நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

குறியை 100 மீற்றரில் நேராக வையுங்கள், அதிகம் மேலே தூக்கத் தேவையில்லை. பாரச் சன்னம் அதற்கு மேல் சீக்கிரம் விழும், 200 மீற்றரில் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறையக் கீழே போய்விடும். அதைக் கணக்குப் பார்த்து மேலே பிடித்துச் சுடுவேன் என்று யாராவது சொன்னால், சுடுதளத்தில் செய்து காட்டச் சொல்லுங்கள். என் எல்லை 120 மீற்றர். நாயை விட்டு மிருகத்தை நகர்த்தும் காட்டு வேட்டையில் அதற்குள்தான் பெரும்பாலும் வரும், பலதடவை 50க்குள்ளேயே. இந்தத் துவக்கின் பலவீனம் தூரம்தான், மலைவெளியில் 250 மீற்றரில் கலைமான் சுடப் போகிறவர் இந்தச் சன்னத்தோடு போகக் கூடாது, வேறு ஆயத்தம் வேண்டும்.

எங்கே சுடுவது? மிருகம் பக்கவாட்டில் நிற்க வேண்டும், அதுவே முதல் நிபந்தனை. முன்காலின் பின் ஓரத்தை நேராக மேலே கண்ணால் கோடு போட்டுப் போங்கள், உடம்பின் உயரத்தில் கீழேயிருந்து மூன்றில் ஒரு பங்கு வந்ததும் நில்லுங்கள். அங்கே இரண்டு நுரையீரலும், அவற்றுக்குச் சற்றுக் கீழே இதயமும். எல்க்கின் முதுகுத் திமில் ஆளை ஏமாற்றும், உயர்ந்த திமிலைப் பார்த்துவிட்டு நடுவைக் கணக்குப் போட்டால் குறி மேலே போய்விடும், தோளில் முள்ளந்தண்டு நீங்கள் நினைப்பதைவிடக் கீழேதான் ஓடுகிறது. சற்றுத் திரும்பி அப்பால் பார்த்து நின்றால், மறுபக்க முன்காலைக் குறிவையுங்கள், சன்னம் நெஞ்சுக்கூட்டைக் குறுக்கே தாண்டிப் போகும், ஆழம் இறங்கும் இந்தச் சன்னத்துக்கு அது நல்ல கோணம். உங்களை நேரே பார்த்து நின்றால், பின்னால் திரும்பி நின்றால், ஓடினால், சுட வேண்டாம். தலையிலும் கழுத்திலும் வேண்டாம்.

இந்த இடத்தில் யாராவது பெல்லைக் கொண்டுவருவார்கள். ஸ்கொட்லாந்துக்காரர், டபிள்யூ.டி.எம். பெல், 1880இல் பிறந்து 1954இல் இறந்தவர், ஆபிரிக்காவில் ஆயிரத்துக்கு மேல் யானை சுட்டவர், பெரும்பாலானவற்றை 7 மி.மீ. துவக்கால், 173 கிறெயின் சன்னத்தால். யானையே விழுந்ததே, எல்க் எம்மாத்திரம் என்பார்கள். அவர் போட்டது விரியாத முழுச் சன்னம், சுட்டது மூளையில், அதற்காக யானை மண்டையோட்டை வாளால் அறுத்து உள்ளே பார்த்துப் படித்தவர், குறியில் அசாதாரணமானவர். அவர் கதையில் நாம் எடுத்துக்கொள்ளக் கூடியது அந்த அறுத்த மண்டையோடு மட்டும்தான். உங்கள் வேட்டைக் குழு முதல் எல்க்கை உரிக்கும்போது ஒதுங்கி நின்று கோப்பி குடிக்காமல், நெஞ்சுக்கூட்டுக்குள் தலையை விட்டுப் பாருங்கள், நுரையீரல் எங்கே முடிந்து ஈரல் எங்கே தொடங்குகிறது என்று கையால் தொட்டுப் பாருங்கள்.

சுடும் நேரம் எப்படி இருக்கும் என்று ஒன்றைச் சொல்கிறேன். எல்க் பருவம் பெரும்பாலான இடங்களில் செப்டெம்பர் 25இல் தொடங்குகிறது. ஒக்டோபர் ஆரம்பம், விடிந்தும் விடியாத நேரம், நான் ஒரு பழைய வெட்டுக்காட்டின் ஓரத்தில் முக்காலியில் குந்தியிருக்கிறேன், காதில் வோக்கிடோக்கி. நாய் தொலைவில் குரைக்கிறது, நிற்கிறது. பிறகு ஸ்புரூஸ் மரங்களுக்கு நடுவில் சத்தமே இல்லாமல் ஒரு சாம்பல் கால் தெரிந்தது. இவ்வளவு பெரிய உடம்பு ஒரு சுள்ளியைக்கூட முறிக்காமல் எப்படி வருகிறது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. முதலில் கன்று இருக்கிறதா என்று பார்த்தேன், தாயைச் சுட்டுக் கன்றை அநாதையாக்கும் வேலை இங்கே யாரும் மன்னிக்க மாட்டார்கள். தனி ஆண். பின்னால் சரிவு, சன்னம் மறுபக்கத்தால் போனாலும் மண்ணில்தான் விழும். எழுபது மீற்றர், பக்கவாட்டு. சுட்டேன்.

ஒன்றும் நடக்கவில்லை. புதிதாக வருகிறவர்கள் பதறும் இடம் இது. எல்க் அப்படியே நின்று, யோசிக்கிற மாதிரி நின்று, இரண்டு அடி வைத்தது. தவறிவிட்டதோ என்று நினைக்க எனக்கு நேரம் இருந்தது, ஆனால் குழுத் தலைவர் முதல் வருடமே சொல்லித் தந்திருந்தார்: அது விழாமல் நிற்கும்வரை சுடு. இரண்டாவதையும் அதே இடத்தில் வைத்தேன். முப்பது அடி நடந்து முழங்கால் மடித்தது. உரிக்கும்போது பார்த்தால் இரண்டு ஓட்டைக்கும் இடையில் நாலு விரல் அகலம், முதலாவதே போதுமாக இருந்திருக்கும். பரவாயில்லை. பெரிய சன்னமும் எல்க்கைத் தூக்கி எறியாது, படத்தில்தான் அப்படி. நுரையீரலில் பட்ட மிருகம் எந்தச் சன்னத்தோடும் ஐம்பது நூறு மீற்றர் நடக்கலாம்.

கண்ணுக்கு மறைந்துவிட்டால் பின்னால் ஓடாதீர்கள். நீங்கள் நின்ற இடத்தையும் மிருகம் நின்ற இடத்தையும் அடையாளம் வையுங்கள், தலைவருக்குச் சொல்லுங்கள், அரை மணிநேரம் பொறுங்கள். பிறகு போய்ப் பாருங்கள்: நுரை கலந்த இளஞ்சிவப்பு இரத்தம் என்றால் நுரையீரல், கிட்டத்தில் கிடக்கும். கருஞ்சிவப்பு என்றால் ஈரல், இன்னும் பொறுக்க வேண்டும். பச்சையாக ஏதாவது, நாற்றம், என்றால் குடல், அந்த அடியோடு நிறுத்துங்கள், மணிக்கணக்கில் பொறுத்து நாயோடு போக வேண்டிய வேலை. எல்க், செம்மான், ரோ மான் வேட்டைக்குக் காயம்பட்டதைத் தேடும் பயிற்சி பெற்ற நாய் ஒழுங்கு செய்திருக்க வேண்டும், சந்தேகம் வந்ததிலிருந்து நான்கு மணிநேரத்துக்குள் அது இடத்துக்கு வர வேண்டும், இது சட்டம். சின்னத் துவக்கின் நுழைவு ஓட்டை சிறியது, தடித்த உரோமம் உறிஞ்சிவிடும், முதல் இருபது மீற்றரில் இரத்தமே தெரியாமல் இருக்கலாம், ஆகவே இரத்தம் இல்லை என்பதால் தவறிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். மறுபக்கத்தால் வெளியே போயிருந்தால் தடம் நன்றாகத் தெரியும், பாரச் சன்னத்துக்கு நான் காசு கொடுப்பதற்கு இன்னொரு காரணம் இதுதான்.

விழுந்ததும் முதல் வேலை குடல் எடுப்பது, படம் எடுப்பது பிறகு. உரித்தபின் மறுபக்கத் தோலுக்கு அடியில் கையை விட்டுத் தடவிப் பாருங்கள், சிலவேளை சன்னம் அங்கே ஒரு கட்டியாகத் தட்டுப்படும், காளான் மாதிரி விரிந்து, பின்பக்கம் மட்டும் நீளமாக மிஞ்சியிருக்கும். கழுவித் தராசில் வையுங்கள். என் ஆணின் முதல் சன்னம் வெளியே போய்விட்டது, இரண்டாவது கிடைத்தது. ஒரு கொப்பியில் தேதி, தூரம், கோணம், எத்தனை அடி நடந்தது, சன்னத்தின் மிச்ச நிறை எல்லாம் எழுதி வைக்கிறேன், சன்னம் பழைய மிளகாய்த்தூள் போத்தல் ஒன்றுக்குள் கிடக்கிறது. அந்த இறைச்சியில் கொழுப்பே இல்லை, ஆட்டுக்கறி மாதிரி அரை மணியில் இறக்கிவிட்டால் செருப்புத் தோல்தான், இரண்டரை மணிநேரம் மெல்லிய நெருப்பில் விட்டுக் கடைசியில் தேங்காய்ப்பாலை ஊற்றுங்கள்.